மதிலுக்கு வடக்கே, மதிலுக்குத் தெற்கே

காயல்பட்டினம்,
9 ஜூலை 2023

சுதா,

போனில் பேசினால் இரண்டு பேரும் கத்துகிறோம். அதனால் எழுதுகிறேன். மெயிலில் வந்தாலும் இது கடிதம்தான். முழுக்கப் படி, கோபம் ஆறியபின் பதில் போடு.

பெருநாளுக்கு மறுநாள் நீ எங்கள் வீட்டுக்கு வந்தபோது, என் அண்ணன் நவாஸ் காக்கா எங்கள் செம்மணல் தேரி நிலத்தைச் சுற்றி மதில் கட்டுவது பற்றிக் கொத்தனாரோடு பேசிக்கொண்டிருந்தார். நான் கொடுத்த டீயைக் கையில் வைத்துக்கொண்டே, "மதில் கட்டுனீங்கன்னா வனத்துறைக்கு எழுதுவேன்" என்றாய். காக்கா மரியாதையாகத்தான் கேட்டார்: "ஓணானுக்கு வழி விடணும்னு எம் மருமவளுக்கு வீடு கட்டாண்டாம்னு சொல்லுதியளா?" நீ பையை எடுத்துக்கொண்டு நாசரேத் பஸ்ஸுக்குப் போய்விட்டாய். காக்கா துபாய்க்குத் திரும்பும்வரை நான் இங்கே வாங்கிக் கட்டிக்கொண்டது உனக்குத் தெரியாது.

சாயர்புரத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து விலங்கியல் படித்தோம். நீ ஹைதராபாத் ஆய்வுக்கூடத்துக்குப் போனாய், நான் இங்கே உயிரியல் டீச்சர் ஆனேன். அதில் எனக்கு வருத்தமில்லை. உனக்காகத் தேரியில் விசிறி ஓணான் பிடித்து, வால் நுனியை வெட்டி, ஸ்பிரிட் குப்பியில் போட்டு அனுப்புவது எனக்குப் பிடித்த வேலை. பள்ளிக்கூடத்துப் பாடத்தில் இல்லாத ஒன்றை என் கண்ணால் பார்க்கிறேன்.

ஆனால் அந்த நிலம் என் உம்மாவிடமிருந்து எனக்கு வந்தது. என்னிடமிருந்து மகள் அஃபீஃபாவுக்குப் போக வேண்டியது. எங்கள் ஊரில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் நிக்காஹ். மாப்பிள்ளை வந்து குடியிருப்பான். இதெல்லாம் உனக்குத் தெரியாததா?

இந்த சீசன் முடியும்வரை பிடித்து அனுப்புவேன். சொன்ன சொல். மதிலைப் பற்றி மட்டும் எழுதாதே.

அஸ்மா


ஹைதராபாத்,
16 ஜூலை 2023

அன்புள்ள அஸ்மா,

வனத்துறைக்கு நான் எழுதவில்லை. எழுதவும் மாட்டேன். அன்று அப்படிச் சொன்னது தவறு. நவாஸ் அண்ணனிடம் இதைச் சொல்லிவிடு.

மதிலைப் பற்றி எழுதாதே என்கிறாய். எழுதாமல் வேறு எதையும் எழுத எனக்கு வரவில்லை. இந்த ஒருமுறை பொறுத்துக்கொள்.

உங்கள் நிலத்துக்கு வடக்கே தாழ்வான மணல், தெற்கே உயர்ந்த மேடு. இரண்டிலும் ஓணான் இருக்கிறது. கிழக்கே தார்ச்சாலை. மேற்கே நீர் பாய்ச்சும் வாழைத்தோட்டம். இவை இரண்டையும் அவை தாண்டுவதில்லை. நடுவில் திறந்த மணலாக இருப்பது உங்கள் நிலம் மட்டும்தான். அதற்கு மதில் வந்தால் வடக்கு தனி, தெற்கு தனி.

போன வருஷத்து வால் நுனிகளின் டிஎன்ஏ முடிவு வந்துவிட்டது. வடக்கில் நீ எண்ணியது முந்நூற்று நாற்பது. ஆனால் பயனுறு எண்ணிக்கை என்று நாங்கள் சொல்வது அங்கே முப்பதுதான் வருகிறது. முந்நூற்று நாற்பது ஓடித் திரிந்தாலும், வெறும் முப்பது ஓணான் உள்ள கூட்டம் எவ்வளவு வேகமாகத் தன் மரபு வகைகளை இழக்குமோ, அவ்வளவு வேகமாக இது இழந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். தெற்கில் எழுபது. இதுவரை தெற்கிலிருந்து ஒன்றிரண்டு வந்து கலப்பதால்தான் வடக்கு தாக்குப்பிடிக்கிறது.

இதை அன்று உங்கள் வீட்டிலேயே பொறுமையாகச் சொல்லியிருக்கலாம். எனக்கு அது வரவில்லை.

சுதா


காயல்பட்டினம்,
2 ஆகஸ்ட் 2023

சுதா,

முப்பதா? நான் வெயிலில் நின்று, நூல் சுருக்குப் போட்டுப் பிடித்து, முதுகில் பெயிண்ட் பொட்டு வைத்து எண்ணியது முந்நூற்று நாற்பது. நீ ஏசி அறையில் உட்கார்ந்து அதை முப்பது என்று எழுதுகிறாய். மூன்று நாள் உன்னைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

பிறகு மணலில் போய் உட்கார்ந்து பார்த்தேன். வடக்கில் வெட்டிய பனையின் குத்தி ஒன்று இருக்கிறது. அதன்மேல் ஏறி நிற்கும் ஆண் ஓணான் தொண்டையை விரிக்கிறது, மூடுகிறது, நீலக்கோடு பளிச்சென்று தெரிகிறது. பெட்டைகள் எல்லாம் அந்தப் பக்கமே சுற்றுகின்றன. கொஞ்சம் தள்ளி உடைமரத்தடியில் ஏழெட்டு ஆண்கள் காலையிலிருந்து விரித்து விரித்து மூடுகின்றன. ஒன்றும் வந்து எட்டிப் பார்க்கவில்லை. அவற்றையும் நான் எண்ணியிருக்கிறேன். உன் கணக்கில் அவை இல்லை, அப்படித்தானே? இப்போது புரிகிறது. புரிந்ததால் கோபம் போய்விட்டது என்று நினைக்காதே.

அஃபீஃபாவிடம் சொன்னேன். அவள் கேட்டாள்: "உம்மா, ஓணான்ல யாரு வீடு மாறுவா? ஆணா, பொண்ணா?" எனக்குத் தெரியவில்லை. உன்னிடம் கேட்கச் சொன்னாள்.

அவளுக்கு மாப்பிள்ளை பேசி முடித்தாயிற்று. பிப்ரவரியில் நிக்காஹ். கொத்தனார் மதில் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டுகிறார்.

அஸ்மா


ஹைதராபாத்,
20 ஆகஸ்ட் 2023

அன்புள்ள அஸ்மா,

அஃபீஃபாவுக்கு என் வாழ்த்து. அவள் கேள்விக்குப் பதில்: பெண்தான் மாறுகிறது. ஆண்கள் பிறந்த இடத்தை விட்டு அதிகம் போவதில்லை. பெண்கள்தான் முட்டையிட மணல் தேடி நடக்கின்றன. டிஎன்ஏவில் அது தெளிவாகத் தெரிகிறது. உங்கள் ஊருக்கு நேர்மாறு.

நீ பார்த்தது சரி. பெரும்பாலான குஞ்சுகளுக்குத் தகப்பன் ஒரு சில ஆண்கள்தான். அதோடு இந்த இனத்துக்கு ஆயுள் பெரும்பாலும் ஒரு வருஷம். ஒரு வருஷம் கெட்டுப்போனால் ஒரு தலைமுறையே கெட்டுப்போனது.

மதில் வேண்டாம் என்று இனி சொல்ல மாட்டேன். ஒன்று மட்டும் கேட்கிறேன். அடித்தளத்தில் இடைவெளி விட்டு இடைவெளி விட்டு, ஓணான் நுழைந்து போகக் கையகலக் குழாய் பதிக்கச் சொல். மண் மட்டத்தில் இருக்க வேண்டும். வெளியே தெரியாது. கட்டுகிற செலவை எங்கள் ஆய்வுத் திட்டத்திலிருந்து நான் வாங்கித் தருகிறேன்.

சுதா


காயல்பட்டினம்,
25 செப்டம்பர் 2023

சுதா,

மதில் முடிந்துவிட்டது. நாலு பக்கமும் ஆள் உயரம். குழாய் இல்லை.

காக்காவிடம் கேட்டேன். "ஓட்டை வச்சு மதில் கட்டுவாவளா? பாம்பு வரும், எலி வரும். புதுமாப்பிள்ளை வீட்டாளுவ பாத்துட்டு என்ன சொல்லுவாவ?" என்றார். செலவை நீ தருவதாகச் சொன்னதும் போனை வைத்துவிட்டார். அதை நான் சொல்லியிருக்கக் கூடாது. நீயும் எழுதியிருக்கக் கூடாது. எங்கள் வீட்டுப் பெண்ணுக்கு நாங்கள் கட்டும் மதிலுக்கு உன் ஆய்வுத் திட்டம் எதற்கு?

கடைசிக் குப்பிகளைத் தூத்துக்குடி கூரியரில் போட்டுவிட்டேன். சீசன் முடிந்தது. என் வேலையும் முடிந்தது. நிக்காஹுக்குப் பத்திரிகை வரும். விருப்பம் இருந்தால் வா.

அஸ்மா


ஹைதராபாத்,
21 டிசம்பர் 2023

அஸ்மா,

உன் போன் எடுக்கவில்லை. அஃபீஃபா போனும் அப்படியே. டிவியில் காயல்பட்டினம் என்று சொல்லித் தண்ணீரைக் காட்டுகிறார்கள். எந்தத் தெரு என்று எனக்குத் தெரியவில்லை. கரன்ட் வந்து போனைத் திறந்ததும் இது முதலில் கண்ணில் படட்டும் என்று எழுதுகிறேன்.

நாசரேத்தில் அப்பாவும் அம்மாவும் நலம். மாடியில் இருக்கிறார்கள். அப்பா பக்கத்து வீட்டு ஆள் போனில் இரண்டு நிமிஷம் பேசினார். "காயல்பட்டினத்து டீச்சருக்கு எப்படி இருக்கு?" என்று அவரே கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. செப்டம்பரில் வந்த உன் கடிதத்துக்கு நான் பதில் போடவே இல்லை.

திருநெல்வேலி ரயில் இன்னும் ஓடவில்லை. ஓடியதும் வருகிறேன். நீ வரச் சொல்லவில்லை என்றாலும்.

ஒரு வார்த்தை எழுது. "இருக்கிறோம்" என்று எழுதினால் போதும்.

சுதா


காயல்பட்டினம்,
3 ஜனவரி 2024

சுதா,

நீ வந்துபோனபின் வீடு துடைத்து முடிய இவ்வளவு நாள் ஆனது. நீ தண்ணீரும் மெழுகுவத்தியும் சுமந்து வந்து, ரெண்டு நாள் சேறு அள்ளிவிட்டு, ஓணானைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் போனாய். அந்த ரெண்டு நாளும் என்னால் உட்கார்ந்து பேச முடியவில்லை. இப்போது சொல்கிறேன்.

மழை ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பெய்தது. வானத்தில் ஓட்டை விழுந்த மாதிரி. மேற்கே குளம் உடைந்தது. எங்கள் தெரு ஆட்கள் எல்லோரும் எங்கள் மாடிக்கு வந்துவிட்டார்கள். வாழைத்தோட்டத்து ஓரத்தில் குடியிருக்கும் சண்முகவடிவு அக்கா, பேரப்பிள்ளையைத் தோள்மேல் வைத்துக்கொண்டு கழுத்தளவு தண்ணீரில் வந்தார். அவர்களுடைய ஆடுகள் கட்டிப் போட்ட இடத்திலேயே செத்தன. வீட்டின் மண்சுவர் கரைந்துவிட்டது.

எப்போதும் குளத்துத் தண்ணீர் எங்கள் தேரி நிலத்தின் வழியாகத்தான் கடலைப் பார்த்து ஓடும். இந்த முறை மதிலில் முட்டி நின்றது. நின்று, பின்னால் ஏறி, அவர்கள் வீட்டு வரிசைக்குள் புகுந்தது. விடியும்போது மதில் உடைந்தது. மேற்கும் வடக்கும் தெற்கும் சரிந்துவிட்டன. ரோட்டுப் பக்கம் மட்டும் நிற்கிறது. மதில் விழுந்த கொஞ்ச நேரத்தில் அவர்கள் தெருவில் தண்ணீர் வடிந்துவிட்டது.

மாடிப்படியில் உட்கார்ந்து சண்முகவடிவு அக்கா சொன்னார்: "மதிலு இல்லன்னா தண்ணி வழக்கம்போல போயிருக்கும் டீச்சர்." கோபமாகச் சொல்லவில்லை. என் கையில் கஞ்சி வாங்கிக் குடித்துக்கொண்டே சொன்னார். அஃபீஃபா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

நிக்காஹ் சொன்ன தேதியில் நடக்கும். புது வீடு இல்லை. இப்போதைக்கு எங்கள் வீட்டு மாடிதான். மாப்பிள்ளை வீட்டார் ஒத்துக்கொண்டார்கள்.

அஸ்மா


காயல்பட்டினம்,
14 ஏப்ரல் 2024

சுதா,

நோன்பும் பெருநாளும் முடிந்து தேரிக்குப் போனேன். நீ கேட்கவில்லை. நானாகத்தான் போனேன்.

தெற்கு மேட்டில் பரவாயில்லை. இருநூறுக்கு மேல் எண்ணினேன். வடக்கில் மூன்று நாள் காலையில் நடந்து இருபத்தாறுதான் கண்டேன். அதில் ஆண் ஒன்பது. தாழ்வான மணல் முழுக்கச் சேறு படிந்து இறுகிக் கிடக்கிறது. பொந்துக்குள் இருந்ததெல்லாம் அப்படியே மூடிப்போயிருக்கும்.

முந்நூற்று நாற்பதையே நீ முப்பது என்றாய். இருபத்தாறை என்ன என்பாய்?

நான் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். தெற்கிலிருந்து முட்டையோடு இருக்கும் பெட்டைகள் பத்தைப் பிடித்து, வாளியில் வைத்து, வடக்கில் கொண்டுபோய் விடப்போகிறேன். ஒரு நாள் காலை வேலைதான். நீ சரி என்று சொன்னால் இந்த வெள்ளிக்கிழமையே செய்துவிடுவேன்.

அஸ்மா


ஹைதராபாத்,
16 ஏப்ரல் 2024

அன்புள்ள அஸ்மா,

செய்யாதே.

முதல் காரணம், நமக்கு இருக்கும் அனுமதி பிடித்த இடத்திலேயே விடுவதற்குத்தான். இடம் மாற்றுவதற்கு இல்லை. இதை நான் சொன்னால் நீ சிரிப்பாய். சட்டம் பேசி உன் வீட்டில் சண்டை போட்டவள் நான்தான். சிரித்துக்கொள்.

இரண்டாவது, தெரியாத மணலில் கொண்டுபோய்ப் போட்ட பெட்டை எங்கே ஒளிவது என்று தெரியாமல் முதல் வாரத்திலேயே பருந்துக்குப் போய்விடலாம். பத்தில் எத்தனை முட்டையிடும் என்று என்னால் சொல்ல முடியாது.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். வழி இருந்தால் அவை தாமாக வரும் என்று மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இப்போது மதில் விழுந்து வழி திறந்திருக்கிறது. நாமே தூக்கிக்கொண்டு போய் விட்டால், நான் சொன்னது உண்மையா என்று எனக்கே தெரியாமல் போய்விடும். நாளைக்கு இன்னொரு தேரியில் இன்னொருவர் மதில் கட்டும்போது சொல்வதற்கு என்னிடம் ஒன்றும் இருக்காது.

நான் நினைப்பது தவறென்றால் வடக்குக் கூட்டம் போய்விடும். அது தெரிந்துதான் சொல்கிறேன். இந்த ஒரு சீசன் பொறு. குஞ்சுகள் வெளிவந்ததும் வால் நுனி அனுப்பு. ஒன்றுகூட வரவில்லை என்றால், அடுத்த வருஷம் இடம் மாற்ற நானே அனுமதி எழுதி வாங்கி, உன்னோடு வாளி தூக்குகிறேன்.

அதுவரை மதில் எழும்பாமல் இருக்க வேண்டும். அதைக் கேட்க எனக்கு உரிமை இல்லை.

சுதா


காயல்பட்டினம்,
6 மே 2024

சுதா,

வாளியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டேன். உன்மேல் கோபம்தான். காலையில் போய்ப் பார்க்கிறேன், ஒன்று குறைந்திருக்கிறது. அதற்கு மறுநாள் இன்னொன்று. பிடித்துக்கொண்டு வந்து விட எவ்வளவு நேரம் ஆகும் என்று கை துருதுருக்கிறது. உன் பேச்சைக் கேட்டு நிற்கிறேன்.

மதில் விஷயம். போன வாரம் காக்கா வீடியோ காலில் வந்து, "கொத்தனாருட்ட சொல்லிட்டேன், இந்தத் தடவ கம்பி கட்டி பலமா எழுப்பிருவோம்" என்றார். நான் வாயைத் திறக்குமுன் அஃபீஃபா போனை வாங்கிக்கொண்டாள்.

"மாமா, எனக்கு மதிலு வேண்டாம்."

"ஏளா, என்ன சொல்லுத? மதிலு இல்லாம பொம்பளைப்பிள்ளை எப்படிக் குடியிருப்பா?"

"அந்த மதிலுக்குள்ள இருந்துக்கிட்டு சண்முகவடிவு அக்கா மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்? கம்பி வேலி போடுங்க. மாடு வராது. தண்ணி போவும்."

"ஊருல என்ன பேசுவாவ?"

"மதிலு கட்டி அவுங்க ஆட்டைக் கொன்னுட்டோம்னு இப்பமே பேசுதாவ மாமா. உங்களுக்கு யாரும் சொல்லல."

காக்கா, "உம்மாவுட்ட குடு" என்றார். என்னிடம், "நெசமாவா?" என்று கேட்டார். "நெசந்தான் காக்கா" என்றேன். "சரி. அவ வீடு. அவ இஷ்டம்" என்று வைத்துவிட்டார்.

வேலி போட ஆள் வந்தாயிற்று. வீட்டையும் கொஞ்சம் கிழக்கே தள்ளி, ரோட்டோரமாகக் கட்டப் போகிறோம், தண்ணீர் போகிற பாதையை விட்டு. ஓணான் என்ற சொல்லையே நான் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் காரியம் கெட்டிருக்கும்.

அஸ்மா


ஹைதராபாத்,
11 பிப்ரவரி 2025

அன்புள்ள அஸ்மா,

முடிவு வந்துவிட்டது. முதலில் கெட்ட செய்தி. நீ அனுப்பிய வடக்குக் குஞ்சுகள் நாற்பத்தெட்டின் டிஎன்ஏவையும் பார்த்தோம். இந்தத் தலைமுறையில் வடக்கின் பயனுறு எண்ணிக்கை எட்டு. நான் பயந்ததைவிடக் குறைவு. வெள்ளத்துக்கு முன் அங்கே இருந்த சில மரபு வகைகள் இப்போது ஒரு குஞ்சிலும் இல்லை. அவை திரும்ப வரப்போவதில்லை.

இனி மற்றது. அந்த நாற்பத்தெட்டில் பதினேழு குஞ்சுகளுக்குத் தாய் வடக்கைச் சேர்ந்தது அல்ல. இரண்டு பெட்டைகள். இரண்டும் தெற்கு மேட்டில் பிறந்தவை. போன வருஷம் மே மாதத்துக்கும் ஆகஸ்டுக்கும் இடையில் உங்கள் நிலத்தைத் தாண்டி நடந்து வந்து, வடக்கில் முட்டையிட்டிருக்கின்றன. ஒன்றை நீயே தெற்கில் பிடித்து வால் நுனி எடுத்திருக்கிறாய். அந்தக் குப்பியும் என்னிடம் இருக்கிறது. அதனால் சந்தேகத்துக்கு இடமில்லை.

இரண்டு போதுமா என்று கேட்பாய். தலைமுறைக்கு ஒன்றிரண்டு வந்து கலந்தால், இரண்டு கூட்டமும் முழுக்கப் பிரிந்துபோகாது. வருஷா வருஷம் வர வேண்டும். ஒரு வருஷம் வந்ததால் பிழைத்துவிட்டது என்று நான் எழுதமாட்டேன்.

உன்னைப் பொறுக்கச் சொல்லிவிட்டு, கடந்த ஜூன் முழுக்க எனக்குத் தூக்கம் சரியில்லை. உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் நீ வாளியைத் தூக்கியிருப்பாய்.

சுதா


காயல்பட்டினம்,
6 ஏப்ரல் 2025

சுதா,

அஃபீஃபா புது வீட்டுக்குக் குடிபோய்விட்டாள். வீடு சின்னதுதான், காற்று நன்றாக வருகிறது. சண்முகவடிவு அக்கா பால் காய்ச்சும்போது வந்திருந்தார். அவர்களுக்கு அரசாங்கம் வீடு கொடுப்பதாகச் சொன்னது இன்னும் வரவில்லை. மண்சுவரைத் திரும்ப எழுப்பி, மேலே தகரம் போட்டிருக்கிறார்கள். தகரமும் இரண்டு ஆட்டுக்குட்டியும் காக்கா வாங்கிக் கொடுத்தது. எங்களிடம்கூடச் சொல்லவில்லை, அக்கா சொல்லித்தான் தெரியும்.

காக்கா பெருநாளுக்கு வந்திருக்கிறார். இன்று காலை நான் எண்ணப் போகும்போது, "நானும் வாரேன்" என்று செருப்பை மாட்டினார். இதுவரை ஒருநாளும் வந்ததில்லை. வடக்கில் இந்த வருஷம் அறுபது வரை தெரிகிறது. நான் எண்ணிக்கொண்டே போனேன், அவர் வேலியோரமாக நின்றுவிட்டார்.

திரும்பி வந்து பார்த்தால் குனிந்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். மதிலின் அடித்தளக் கல் ஒன்று மணலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. அதன்மேல் ஒரு ஆண், தொண்டையை விரித்து நீலக்கோட்டைக் காட்டிக்கொண்டிருந்தது. எங்கள் இருவரையும் அது சட்டை செய்யவில்லை.

"இதுக்குத்தானாளா இவ்வளவும்?" என்றார் காக்கா.

"இதுக்குந்தான்" என்றேன்.

வீட்டுக்கு வந்து சாப்பிட்டு முடித்ததும் காக்கா வேலி போட்ட ஆளுக்குப் போன் போட்டார். மணல் ஏறி, கீழ்வரிசைக் கம்பி மண்ணோடு மண்ணாகக் கிடக்கிறது, அடியில் ஒன்றுக்கும் வழியில்லை, அதை ஒரு சாண் உயர்த்திக் கட்ட வேண்டும், நாளைக்கே வா என்றார்.

அஸ்மா